மெரினாவா, தெருமுனைப் பூங்காவா? கடலோரச் சென்னையில் பிள்ளைகளை எங்கே விளையாட விடலாம்

மயிலாப்பூர் தொடங்கி கொட்டிவாக்கம் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் வெளியூர் உறவினர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வசனம் உண்டு. “உங்களுக்கென்னப்பா, சாயங்காலம் ஆனா பிள்ளைங்களை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வாரத்துக்கு நான்கு மாலை வெளியே போக வேண்டியவர்களுக்குத்தான் தெரியும், கடற்கரை பக்கத்தில் இருப்பதும் விளையாட இடம் இருப்பதும் வேறு வேறு என்று.

நம் பக்கத்தில் இருக்கும் வாய்ப்புகள் மூன்று வகை. ஒன்று, கடற்கரை மணல். இரண்டு, தெருவுக்குத் தெரு இருக்கும் மாநகராட்சிப் பூங்காக்கள். மூன்று, சீட்டு வாங்கி உள்ளே போகும் பெரிய பூங்காக்கள். மூன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். அங்கே இருக்கும் ஒரு மணி நேரத்தில் “போகாதே”, “தொடாதே”, “இறங்கு” என்று எத்தனை முறை கத்த வேண்டியிருக்கிறது? அது குறைவாக இருக்கும் இடமே நல்ல இடம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, வாரநாள் மாலைக்கு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான மாநகராட்சிப் பூங்காவே போதும். ஆனால் அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் கடற்கரை.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். காமராசர் சாலையைக் கடந்து, உட்சாலையையும் தாண்டி, மணலில் கால் வைத்த பிறகும் அலைக்கு ஒரு நெடும் நடை இருக்கிறது. இந்த அகலம் இயற்கையாக வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை வழிமறித்தது. அந்த மணல் தெற்கே குவிந்து குவிந்துதான் இன்றைய மெரினா இவ்வளவு விரிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து மேலே கரை அரிக்கப்பட்டு, இன்று பல இடங்களில் மணலுக்குப் பதில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கடல் இருக்கிறது, கடற்கரை இல்லை. அவர்களுக்கு எழுத வேண்டிய கட்டுரையே வேறு.

அந்த அகலம் பெற்றோருக்கு இரண்டு விதத்தில் வேலை வைக்கிறது. போகும்போது பிள்ளை ஓடிவிடும். திரும்பும்போது “தூக்கு” என்று நின்றுவிடும். ஈரமான கால்சட்டையும் மணலும் தோளுமாக அந்தத் தூரத்தைக் கடந்தவர்களுக்கு மெரினாவின் நீளத்தைவிட அகலம்தான் நினைவில் இருக்கும். நன்மை என்னவென்றால், அலையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் தரையில் ஜமுக்காளத்தை விரித்து, பிள்ளையிடம் ஒரு பழைய கரண்டியையும் இரண்டு டப்பாவையும் கொடுத்தால் முக்கால் மணி நேரம் சத்தமே வராது. மணலைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகிறது. திரும்பும் அலை காலை வாரி இழுக்கும். குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. காணும் பொங்கலன்று கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்கப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் கடலில் இறங்காமல் தடுக்கத் தடுப்புக் கட்டைகளும் வைப்பார்கள். அந்த மணிக்கட்டு யோசனை எந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருந்தும். ஒரு பேனா போதும்.

எலியட்ஸ் கடற்கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. பெசன்ட் நகரில் சாலைக்கும் அலைக்கும் இடைவெளி குறைவு. வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் மணலில் இருக்கலாம். நடைபாதை அகலமாக இருப்பதால் சின்ன சைக்கிள், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பசித்தால் எதிரே கடைகள். இதே அருகாமைதான் ஆபத்தும். நீங்கள் சுண்டலுக்குச் சில்லறை எடுக்கும் நேரத்தில் பிள்ளை அலையைத் தொட்டுவிடும். அங்கே நிற்கும் வெள்ளை நினைவுக் கட்டடத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். 1930-ல் இதே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்காக எழுப்பியது அது. கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். “தண்ணிகிட்ட போகாதே” என்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

திருவான்மியூர், வால்மீகி நகர்ப் பக்கம் கூட்டம் குறைவு, காற்று அதே காற்று. இருட்டிய பிறகு வெளிச்சம் போதாது. சனி, ஞாயிறு காலை ஆறரைக்குப் போவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கடற்கரைக்கு எதிராக நான் வைக்கும் வாதம் எல்லாம் வாரநாளுக்குத்தான். மே மாதத்தில் மணல் மாலை ஐந்து மணிக்கும் சுடும். கடற்காற்று மதியமே வந்துவிட்டால் தப்பித்தோம். மேற்கிலிருந்து வெக்கைக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழைய நேரமாகும்; ஜூனில் இது அடிக்கடி நடக்கும். அப்புறம் கழிப்பறை. மூன்று வயதுப் பிள்ளைக்கு “இரு, வீட்டுக்குப் போய்ப் போகலாம்” என்பது புரியாது. திரும்பி வந்து குளிப்பாட்டி, தலையிலிருந்து மணலை எடுத்து, சாப்பாடு கொடுத்துப் படுக்க வைக்க ஒன்பதரை ஆகிவிடும். மறுநாள் பள்ளி. தெருநாய்கள் திரியும் மணலில் வெறுங்காலோடு விளையாடினால் கொக்கிப்புழு ஒட்டும் வாய்ப்பும் இருக்கிறது. அதனால் வீட்டுக்குள் நுழையுமுன் காலைக் கழுவுவது கட்டாயம், மணலில் செருப்பு போடுவது உத்தமம்.

இனி மாநகராட்சிப் பூங்கா. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நம் பகுதிப் பூங்காக்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. சுற்றிலும் நடைபாதை, நடுவில் புல்தரை, ஒரு மூலையில் திறந்தவெளி உடற்பயிற்சிச் சாதனங்கள், எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை, இன்னொரு மூலையில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. இடத்தில் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. “பந்து விளையாடக் கூடாது” என்ற பலகை வாசலிலேயே வரவேற்கும். சர்க்கரையைக் குறைக்க நடப்பவர்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் பூங்காவைத் திட்டமிடுபவர்களுக்குப் பிள்ளைகள் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்பது வரைபடத்திலேயே தெரிகிறது.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்கு ஒரு தனி நோய் உண்டு: உப்புக்காற்று. தாம்பரத்தில் பத்து வருடம் தாங்கும் இரும்பு, கடலோரத்தில் அதில் பாதிகூடத் தாங்குமா என்பது சந்தேகமே. துருவை மேலே தேடாதீர்கள். மேலே வருடத்துக்கு ஒருமுறை மஞ்சளும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். குனிந்து, கம்பம் தரைக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். மழைத்தண்ணீர் தேங்குவதும் உப்பு படிவதும் அங்கேதான். பெயின்ட் கொப்பளித்திருந்தால் சாவியால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று சொல்லும். உள்ளே அரித்துப்போனது ‘தொப்’ என்று சொல்லும், சில நேரம் சாவியோடு செதிலும் வரும்.

அடுத்தது ஊஞ்சல் கொக்கி. சங்கிலி மேல்குழாயில் மாட்டியிருக்கும் வளையத்தை அண்ணாந்து பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசி, உப்பும் சேர்ந்து, வளையத்தின் உள்பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். புதிதில் சுண்டுவிரல் பருமன் இருந்த கம்பி பாதியாகியிருந்தால் அந்த ஊஞ்சல் வேண்டாம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வாட்ச்மேன் ஐயா இதைத் தானாகவே சொல்லிவிடுவார்: “பாப்பாவை இந்தப் பக்கத்து ஊஞ்சல்ல உக்கார வைக்காதீங்கம்மா, அந்தப் பக்கம் ஆடட்டும்.” அவருக்கு ஒவ்வொரு சாமானின் சுபாவமும் தெரியும். எந்தப் பூங்காவிலும் முதலில் பழக வேண்டிய ஆள் அவர்தான்.

துருவுக்குப் பயந்து இப்போது பல இடங்களில் ஃபைபர் சறுக்குமரம் வைக்கிறார்கள். துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் வெயிலில் அதன் மேல் பூச்சு வெளுத்து, மாவு மாதிரி உதிரத் தொடங்கும். பூச்சு போன பிறகு உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே எட்டிப் பார்க்கும். அரைக்கால்சட்டை போட்ட பிள்ளை சறுக்கி இறங்கித் தொடையைச் சொறிந்துகொண்டே நின்றால் காரணம் கொசு மட்டும் இல்லை. உள்ளங்கையால் தடவிப் பார்க்காதீர்கள், கையிலும் ஏறும். கைக்குட்டையை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அதில் ஏற்ற வேண்டாம். ஸ்டீல் சறுக்காக இருந்தால் மேற்கு பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள். நாலரை மணி வெயில் நேரே விழும் சறுக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தாலே போதும்.

இது எல்லாவற்றையும்விட முக்கியமானது தரை. பிள்ளைகளுக்குக் கடுமையான அடி படுவது விழுவதால். எதன் மீது விழுகிறார்கள் என்பதில்தான் சிராய்ப்புக்கும் எலும்பு முறிவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அடியில் சிமென்ட் இன்டர்லாக் கல் பதித்த பூங்காவில் நான் பிள்ளையை ஏற்றுவதில்லை, சாமான் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. ரப்பர் தரை நல்லது. ஓரங்கள் பெயர்ந்து தடுக்கிவிடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிய உதிரி மணல் நன்றாகவே வேலை செய்யும், வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால். கூப்பிடு தூரத்தில் ஒரு கடற்கரையே கிடக்கும் ஊரில் ஊஞ்சலுக்கு அடியில் சிமென்ட் கல்லைத் தேடிப் பதிக்கிறார்கள். கூட்டிப் பெருக்க வசதி என்று காரணம் சொல்வார்கள். கடல் மணலை அள்ளி வரச் சொல்லவில்லை, அதற்குச் சட்டம் இடம் தராது. யோசனை அந்தப் பக்கம் போகவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெயர் சொல்லிப் பரிந்துரைக்கக்கூடிய பூங்கா என்றால் லஸ்ஸில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பெயரில் இருப்பது. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பெரிய பழைய மரங்களோடு இருப்பதால் நான்கு மணிக்கே நிழல் கிடைக்கிறது. ஒரு பக்கம் ஷட்டில், ஒரு பக்கம் செஸ், ஒரு பக்கம் தாத்தாக்களின் அரசியல். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு இதற்கு இணை இந்த வட்டாரத்தில் இல்லை. எல்லா வயதினரும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சலிக்காமல் இருக்கலாம். குறை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம், மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் போக்குவரத்தில் ஏற்பட்டிருக்கும் குளறுபடி. நடந்து வரக்கூடியவர்களுக்கு இரண்டாவது குறை இல்லை.

இன்னொன்று சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி அமைத்த, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் பூங்கா. சக்கர நாற்காலி போகும்படியான பாதை, தொட்டும் கேட்டும் விளையாடும் அமைப்புகள் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஓட முடியாத, அல்லது கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், முதலில் இங்கே போய்ப் பாருங்கள். தடுமாறி நடக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதே ஏற்பாடு வசதிதான். கடற்கரையில் இது எவ்வளவு கடினம் என்பதற்கு மெரினாவே சாட்சி. சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடல் அருகே போக 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் வந்த மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் போனால் கடலைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம். ஆனால் விளையாடச் சாமான் இருப்பது சாந்தோமில்தான்.

மூன்றாவது வகை, சீட்டு வாங்கும் இடங்கள். இவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை வாராவாரம் போகும் இடங்கள் அல்ல. கிண்டி சிறுவர் பூங்கா தேசியப் பூங்காவின் காட்டை ஒட்டியே இருப்பதால் மரநிழலுக்குக் குறைவில்லை. மான், பறவைகளைப் பார்த்துவிட்டு விளையாட்டுப் பகுதிக்கு வரலாம். 2024-ல் புதுப்பித்த பிறகு சாமான்களும் நன்றாக இருக்கின்றன. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, அதற்குத் தனிச் சீட்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பும் குடும்பங்களை எப்போதும் பார்க்கலாம். ஐந்து முதல் பத்து வயதுக்கு இதுதான் என் முதல் தேர்வு, மாதத்துக்கு ஒருமுறை என்றால்.

கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைன், பறவைக் கூடம், கண்ணாடி மாளிகை எல்லாம் உண்டு. பளபளப்பான இடம். ஆனால் நுழைவுக்கு ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நான்கு பேர் கொண்ட குடும்பம் கணக்குப் பார்க்காமல் போக முடியாது. பிள்ளைகளும் விளையாடுவதைவிட “அதுக்கு டிக்கெட் வாங்குப்பா” என்பதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். என் அளவுகோலின்படி “வேண்டாம்” அதிகம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். பிறந்தநாளுக்கு ஒருமுறை போகலாம். எதிரே இருக்கும் செம்மொழிப் பூங்கா செடி கொடிகளை ரசிப்பவர்களுக்கானது. அடையாறின் தொல்காப்பியப் பூங்காவும் அப்படித்தான். கழிமுகத்தையும் பறவைகளையும் பார்க்கும் பொறுமை வந்த பிள்ளைகளோடு போக வேண்டிய இடம், ஊஞ்சல் தேடிப் போகிற இடமல்ல.

சரி, எதை எடுப்பது? வாரநாளில், ஆறு வயதுக்குள் என்றால் தெருமுனைப் பூங்கா. இரண்டு பூங்காக்கள் நடைதூரத்தில் இருந்தால் சாமான் அதிகம் உள்ளதை விட்டுவிட்டு, தரையும் நிழலும் நன்றாக உள்ளதை எடுங்கள். கழிப்பறை பூட்டாமல் இருப்பது மூன்றாவது தகுதி. நடுப்பகலில் பூட்டிவிடும் பூங்காக்கள் இருப்பதால் விடுமுறை நாளில் கிளம்புமுன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு வயதுக்கு மேல் சின்னப் பூங்கா சலிக்கும். அவர்களுக்குத் தேவை ஊஞ்சல் அல்ல, ஓட இடம். அந்த வயதில் கடற்கரை மீண்டும் முன்னுக்கு வருகிறது. காலை நேரத்து மணலில் கிரிக்கெட், பட்டம், கபடி எதற்கும் யாரும் பலகை வைத்துத் தடுப்பதில்லை. பிள்ளை சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்றால்தான் சிக்கல். அவர்களுக்கு எலியட்ஸ் சரிவரும். ஒருவர் சின்னதோடு மணலில் உட்கார, மற்றவர் பெரியதோடு நடைபாதையில் சைக்கிளுக்குப் பின்னால் ஓடலாம். ஒரே ஆளாக இரண்டையும் கூட்டிப் போகும் நாளில் கடற்கரை வேண்டாம், வேலியும் ஒற்றை வாசலும் உள்ள பூங்காவே சரி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கணக்கு மாறும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், பூங்காவில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், ஐந்தே முக்காலுக்கு இருட்டிவிடும். மழை விட்ட மறுநாள் பூங்காவுக்குப் போனால் விளக்குக் கம்பங்களின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். திறந்து கிடக்கும் மின்பெட்டிகள் நம் ஊரில் அபூர்வம் அல்ல. அந்த மாதங்களில் காலை நேரமே நல்லது.

உங்கள் பூங்காவில் கொக்கி தேய்ந்தோ கம்பம் அரித்தோ இருந்தால் மாநகராட்சியின் 1913-க்கு அழைத்துச் சொல்லுங்கள், அல்லது நம்ம சென்னை செயலியில் படத்தோடு பதியுங்கள். “பூங்கா சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் ஆள் வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். பூங்காவின் பெயர், தெரு, எந்தச் சாமான், எந்தப் பக்கத்துக் கொக்கி என்று கிட்டத்தில் எடுத்த படத்தோடு சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சங்கிலி மாற்றும்வரை அந்த ஊஞ்சலை மேல்குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பிள்ளைகளுக்கு எட்டாது. வாட்ச்மேன் ஐயாவிடம் சொன்னால் அவரே செய்துவிடுவார்.